பனிப் பருவமும் பிஞ்சுப் பாதங்களும்

பெரும்பொழுதினை ஆறாகப் பகுத்த தொல்காப்பியர், பனிக்காலத்தை முன்பனி, பின்பனி என இரண்டாக்கினார். பின்பனியைப் பிரிவுக்குரிய பாலைத் திணைக்கும் உரியதாக்கினார். நம் அக இலக்கியத்தில் குளிரில் வழிநடப்பவன் தலைவன் ஒருவனே. தலைவி இல்லிலிருந்து வருந்துவாள். புதல்வன் முற்றத்தில் சிறுதேர் உருட்டுவான். குழந்தையைத் தோளிற் சுமந்து, அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டே பனியிற் சென்ற தலைவனைப் பாடிய பாட்டு எதனையும் நான் கண்டதில்லை. பின்னாளில் எழுந்த பயண நூல்களுள் நான் பயின்றவையும் பெரும்பாலும் தனியே சென்று வந்த ஆடவர் எழுதியவையே. அதனாற்றானோ என்னவோ, குழந்தைகளோடு பயணம் வகுக்கும்போதும் நாம் தனியாள் ஒருவனின் கால்களைக் கொண்டே தொலைவை அளக்கின்றோம்.

துபாயில் பணிபுரியும் என் தம்பி, 2026 டிசம்பர் விடுமுறைக்கென ஒரு திட்டத்தை எனக்கு அனுப்பி, "லாத்தா, பார்த்துச் சொல்லுங்க" என்றான். கோடை விடுமுறை உம்மாவைக் காண ஊருக்கு வருவதற்கே சரியாகிவிடுவதால் குளிர்காலம் ஒன்றே அவனுக்கு வாய்க்கின்றது. பயண முகவர் ஒருவர் வகுத்துத் தந்த திட்டம் அது. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், லூசர்ன், வெனிஸ், வியன்னா. பத்து நாளில் ஆறு நாடுகள். அவன் பிள்ளைகளுக்கு வயது ஆறும் மூன்றும். ஆறில் நான்கை அடித்துவிடு என்று எழுதினேன். அவன் வருந்தினான். அவ்வருத்தத்திற்கு மறுமொழியாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன் எனலாம்.

முதலில் எண்ண வேண்டியது பகற்பொழுது. மார்கழியின் தொடக்கத்தில் சென்னைக்குப் பதினொன்றேகால் மணி நேரத்திற்கு மேல் பகல் உண்டு. அதே நாளில் பாரிசிலும் வியன்னாவிலும் எட்டேகால் மணி நேரமே கதிரவன் தங்குவான். பாரிசில் விடிய எட்டரை மணி கடந்துவிடும். வியன்னாவில் மாலை நான்கு மணிக்கே அவன் மறைந்துவிடுவான். லுஹர், அஸர், மஃரிப் ஆகிய மூன்று தொழுகைகளும் அங்கே நான்கு மணி நேர அளவிற்குள் வந்து நெருங்குவதைக் கண்டவர்களுக்கு இப்பகலின் குறுக்கம் நன்கு விளங்கும். பயணியின் இடர் அறிந்து தொழுகையையே சுருக்கிக்கொள்ள மார்க்கம் சலுகை தந்திருக்கின்றது. நாம் வகுக்கும் பயணத்திட்டமோ மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேரச் சலுகையும் தருவதில்லை.

அந்த எட்டு மணி நேரமும் முழுமையாகக் கைக்கு வாராது. உள்ளாடை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றுப் புகாத மேலங்கி, இரட்டைக் காலுறை, கையுறை, காதை மூடும் தொப்பி என ஒரு குழந்தையை அணிவித்து முடிக்கக் கால் மணி நேரமேனும் ஆகும். எல்லாம் பூட்டி மின்தூக்கியில் இறங்கியபின் அது சிறுநீர் கழிக்க வேண்டும் என்னும். மீண்டும் மேலேறி, எல்லாம் களைந்து, மீண்டும் அணிவிக்க வேண்டும். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை; ஒவ்வொரு நாளும் இது நிகழும். இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வோல்கா ஆற்றுப் பகுதிக்குக் குளிர்காலத்திற் சென்றபோது மூன்று மயிர்த்தோல் அங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருந்தார். அவற்றின் சுமையால் தாமாகக் குதிரையேற முடியாது பிறர் தூக்கி ஏற்ற வேண்டியதாயிற்று என்றும், உளூச் செய்த நீர் தாடியிலேயே உறைந்தது என்றும் அவரே குறித்திருக்கின்றார். உலகம் சுற்றிய அப்பெருமகனுக்கே அந்நிலை என்றால் நம் பிள்ளைகளைக் கேட்பானேன்? ஆடையில் ஒன்று மட்டும் சொல்வேன். உடலோடு ஒட்டிய ஆடை பருத்தியாக இருத்தலாகாது. ஓடியாடும் குழந்தையின் வியர்வையைப் பருத்தி உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும். நின்றதும் குளிர் அவ்வீரத்தின் வழியே உள்ளே இறங்கும். மெல்லிய கம்பளியே தக்கது. கையுறை மூன்று இணையேனும் வேண்டும்.

கையுறையைப் பற்றி இத்துணை அழுத்தமாக நான் கூறுவதற்குக் காரணம் உண்டு. 2022 டிசம்பரில் நாங்கள் இருவரும் எங்கள் இரு பெண்களுடன் பத்து நாளில் ஐந்து நகரங்களைக் கண்டுவரப் புறப்பட்டோம். சின்னவளுக்கு அப்போது நான்கு வயது. பாரிசில் ஈபிள் கோபுரத்தின் அடியில், மாலை ஐந்து மணி இருளில், காற்றும் தூறலுமாக இருக்க, வரிசையில் நின்றோம். அவள் கையுறை நனைந்துவிட்டது. மாற்று அறையில் இருந்தது. "உம்மா, போவோம்" என்று அழத் தொடங்கினாள். சீட்டு முன்பே வாங்கியாயிற்று. மறுநாள் காலை வேறு நாட்டுக்கு ரயில். "இவ்வளவு காசு கொடுத்து வந்தது அழுவதற்கா?" என்று அவளை அதட்டி, கையைப் பற்றி இழுத்தேன். மேலே சென்று படமும் எடுத்தோம். அப்படத்தில் மூவர் சிரிக்கின்றோம். அவள் முகம் என் மேலங்கிக்குள் புதைந்திருக்கின்றது. அன்றிரவு அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு திட்டத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு குழந்தையை அதட்டினேன் என்பதை இன்றளவும் என்னால் எளிதில் கடக்க இயலவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்படம் மாட்டப்படவில்லை.

அதே பயணத்தின் கடைசி நாளில், வியன்னாவில், அரண்மனை காண வேண்டிய வேளையைக் கைவிட்டுப் பூங்கா ஒன்றில் அமர்ந்திருந்தோம். குளிர்காலம் கழிக்கக் கிழக்கிலிருந்து காகவினம் ஒன்று அந்நகருக்குப் பெருங்கூட்டமாக வருவதுண்டு. புல்வெளியெங்கும் அவை கொத்திக்கொண்டிருக்க, சின்னவள் ரொட்டித் துணுக்கோடு அவற்றின் பின்னே ஒரு மணி நேரம் ஓடினாள். இன்று அவளுக்கு ஐரோப்பா என்றால் காகந்தான். கோபுரம் நினைவில் இல்லை, அதுவும் நல்லதே.

"குழந்தைகளுக்கு நினைவிருக்கப் போவதில்லை, எதற்கு அழைத்துப் போகின்றீர்கள்?" என்று கேட்கும் பெரியோரோடு எனக்கு உடன்பாடில்லை. நினைவில் நில்லாது என்பதற்காக நாம் தாலாட்டை நிறுத்திவிடுவதில்லை. என் மறுப்பெல்லாம் நகர்களின் எண்ணிக்கையைப் பற்றியதே. ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டுதல், நிலையம் சேர்தல், ரயில், மீண்டும் அறை தேடுதல் எனப் பகலின் பெரும்பகுதியை உண்டுவிடும். ஆறு நகரங்களைத் தேர்ந்தவன் உண்மையில் ஐந்து பகல்களைத் துறந்தவனே.

ஆகவே தம்பிக்கு நான் எழுதியது வியன்னாவில் ஆறு இரவும், அங்கிருந்து இரண்டரை மணி நேர ரயில் தொலைவிலுள்ள சால்ஸ்பர்க்கில் மூன்று இரவும். அடுக்களையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள குடியிருப்பை டிராம் தடத்தருகே எடுத்துக்கொள்ள வேண்டும். இருட்டியபின் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பிள்ளைகளை உறங்கச் செய்யலாம். ஹலால் இறைச்சி துருக்கியர் கடைகளிற் கிடைக்கும். ஷோன்புருன் அரண்மனையை ஒட்டி 1752இல் நிறுவப்பெற்ற விலங்குக் காட்சிசாலை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 19 வயது நிறையாதோர்க்குக் கட்டணமில்லை. குளிர் பொறுக்காவிடில் ஹோஃப்பர்க் அரண்மனைத் தோட்டத்தின் வண்ணத்துப்பூச்சி இல்லத்திற்குள் புகுந்தால் நம் ஊர்ச் சூடு வந்து தழுவும். டிசம்பரில் பனி கொட்டும் என்று பிள்ளைகளுக்கு வாக்களித்துவிடாதே என்றும் எழுதினேன். வியன்னாவிலும் பாரிசிலும் அக்காலத்தில் மழையும் மூட்டமுமே மிகுதி. பனியைக் காண உயரம் வேண்டும். சால்ஸ்பர்க்கைச் சூழ்ந்த மலைகள் அதற்கு உதவலாம். முகவரின் திட்டத்தில் இருந்த யுங்ஃபிராயோக் 3,454 மீட்டர் உயரம். மெல்லிய காற்றில் தலை வலித்தால் அதைச் சொல்லத் தெரியாத குழந்தையை அங்கே ஏற்றத் துணியேன்.

முகவரின் தாளில் நாட்காட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. டிசம்பர் 24 பிற்பகலிலேயே கடைகள் அடைபடத் தொடங்கும். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் 25, 26 இரண்டும் விடுமுறை. 2026இல் அவை வெள்ளியும் சனியுமாக அமைய, ஞாயிறும் சேர்ந்துகொள்கின்றது. மூன்று நாட்களுக்கான பாலும் அரிசியும் முன்பே வாங்கி வைக்காதவர் ரயில் நிலையக் கடைகளைத்தான் நாடவேண்டும். ஜெர்மானியக் கிறிஸ்துமஸ் சந்தைகளுட் பலவும் 24ஆம் நாளோடு கலைந்துவிடுவன. 25ஆம் நாள் கொலோனில் இறங்கும் இக்குடும்பம் எதைக் காணும் என்று அவரிடமே கேட்கச் சொன்னேன்.

நுழைவிசைவு பற்றிச் சுருங்கச் சொல்லலாம். ஷெங்கன் விசாவிற்குப் பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறையலாகாது. மிகுதியான நாட்கள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு ஊரும் ஒரே நாட்டில் இருப்பின் இக்குழப்பமும் இல்லை. 2024 ஜூன் முதல் பெரியவர்க்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயதினர்க்கு 45 யூரோ, அதற்கும் இளையோர்க்குக் கட்டணமில்லை. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். இதனை வெறும் சடங்காகக் கருதாமல், குழந்தையின் காய்ச்சலுக்கு எந்த எண்ணை அழைப்பது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளல் நலம்.

இத்தனையும் படித்தபின் தம்பி கேட்டது ஒன்றே: "இவ்வளவு செலவு பண்ணிட்டு ரெண்டு ஊரா, லாத்தா?" அவன் மனைவி என் பக்கம். குழந்தைகளுக்கு ஆடை அணிவிக்கப் போகின்றவள் அவள். கொலோனையும் வெனிசையும் ஆம்ஸ்டர்டாமையும் அவன் விட்டுவிட்டான். லூசர்னும் போனது போலத்தான். பாரிசை விட மட்டும் மனம் வரவில்லை. கோபுரத்தின் அடியில் நின்று ஒரு படமேனும் வேண்டும் என்கின்றான். எங்கள் வீட்டில் மாட்டப்படாத அப்படத்தை அவனுக்கு அனுப்பியிருக்கின்றேன். இன்னும் மறுமொழி வரவில்லை.