உரோமைக்குப் புறப்படுமுன்



சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்தபின் வயதான தம்பதியர் என் அறைக்கு வந்தனர். கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஓர் ஆலையில் முப்பதாண்டுக் காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவி வீட்டின் முன்பகுதியிலேயே சிறு பெட்டிக்கடை நடத்துபவர். கிடைத்த தொகையில் மகளின் திருமணக் கடனை அடைத்து, மீந்ததைக் கொண்டு இருவரும் உரோமைத் திருப்பயணம் செல்ல ஏற்பாடாகியிருந்தது. ஆசி பெற வந்திருந்தார்கள். ஆனால் அந்த அம்மையாரின் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம்.

"சாமி, இவர் மட்டும் போய் வரட்டும். எனக்குப் பாஷை தெரியாது. முள்கரண்டி பிடித்துச் சாப்பிடத் தெரியாது. அந்த ஊரில் நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தால் இவருக்குத்தானே தலைகுனிவு?" என்றார். கணவர் ஒன்றும் பேசாமல் கையிலிருந்த பாஸ்போர்ட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவர்களுக்குத் தத்துவ போதகரின் கதையைச் சொன்னேன். இராபர்ட் தெ நொபிலி என்பது அவருடைய இயற்பெயர். 1577இல் இத்தாலியில் உயர்குடி ஒன்றில் பிறந்து, 1606இல் மதுரை வந்து சேர்ந்த இயேசு சபைக் குரு அவர். பிறந்த நாட்டின் உணவையும் உடையையும் விட்டு, காவி உடுத்து, பாதக்குறடு அணிந்து, தரையில் அமர்ந்து மரக்கறி உணவு உண்டார். நம் மொழியைக் கற்று அதிலேயே நூல்கள் இயற்றினார். முதன்முதலாக இலைமுன் அமர்ந்த நாளில் அவருடைய கையும் தடுமாறியிருக்கும். பார்த்தவர்களில் சிலர் சிரித்துமிருப்பார்கள். அதற்கு அஞ்சி அவர் கப்பலேறியிருந்தால் நமக்கு எவ்வளவு இழப்பு! அவரோ 1656இல் நம் மயிலாப்பூரிலேயே கண்மூடினார். அவர் நாட்டுக்கு விருந்தினராகச் செல்லும் நாம், அவர் இங்கே செய்ததில் நூறில் ஒரு பங்கையாவது அங்கே செய்யலாம் அல்லவா?

அன்று அவர்களுக்கு நான் கூறிய குறிப்புகள், முதன்முறையாக இத்தாலி செல்லும் பிறருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பயண ஆவணங்கள். இத்தாலிக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிப் பதினைந்து நாள் வரை காத்திராதீர்கள். ஷெங்கன் நாடுகளைவிட்டுத் திரும்பும் நாளுக்குப்பின் குறைந்தது மூன்று மாதமாவது உங்கள் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். வத்திக்கான் தனி நாடே ஆயினும் அதற்குத் தனி விசா கிடையாது. வழக்கமாக உண்ணும் மாத்திரைகளை, மருத்துவர் சீட்டுடன், கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வணக்கம் சொல்லுதல். நம்மூரில் கடைக்குச் சென்றால் நேராகப் பொருளைக் கேட்கிறோம். அங்கே அது மரியாதைக் குறைவு. உள்ளே நுழைந்ததும் 'புவோன் ஜோர்னோ' என்று காலை வணக்கமும், மாலையானால் 'புவோனா சேரா'வும் சொல்ல வேண்டும். நன்றிக்கு 'கிராட்சியே'. பிறர் வீட்டு வாசலில் கால் வைக்கும்போது, அழைத்தவரே எதிரில் நின்றாலும், 'பெர்மெஸ்ஸோ' என்று அனுமதி கேட்பது நற்பண்பு. 'சாவ்' என்பது நெருங்கிப் பழகியவர்க்குரிய சொல். முன்பின் அறியாத பெரியவரிடம் அதைச் சொல்வது, நாம் பெரியவரை 'நீ' என்பது போலாகும். நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது சம்மதம் என்பதும் அவர்களுக்கு விளங்காது. ஆமெனில் 'சீ', இல்லையெனில் 'நோ' என்று வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உரோமையில் தங்கியிருந்த நாட்களில் ஒரு பழக்கடைக்குச் சென்று, நம்மூர் வழக்கப்படி பழங்களை அழுத்திப் பார்க்கத் தொடங்கினேன். கடைக்காரர் உரத்த குரலில் கடிந்துகொண்டார். சுற்றியிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். எனக்கு உடல் கூசிவிட்டது. அங்கே பழத்தை வாங்குபவர் தொடலாகாது, கடைக்காரரே எடுத்துத் தருவார் என்று பிறகுதான் அறிந்தேன். மறுநாளும் அதே கடைக்குச் சென்று, முதலில் வணக்கம் சொல்லிவிட்டு, வேண்டியதை விரலால் சுட்டினேன். அவரே நல்ல பழங்களாகப் பொறுக்கித் தந்தார்.

ஆலயங்களைப் பற்றி. நாம் காலணியை வாசலில் விட்டுச் செல்பவர்கள். அங்கே யாரும் கழற்றுவதில்லை, நீங்களும் கழற்ற வேண்டாம். ஆனால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புனித இராயப்பர் பேராலயத்தில் இது கண்டிப்பான விதி. நம் பெண்களின் சேலைக்கு எந்தத் தடையும் இல்லை. சிக்ஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுப்பதும் உரக்கப் பேசுவதும் கூடாது. இலாத்தரன் பேராலயத்தின் அருகேயுள்ள திருப்படிகள் இருபத்தெட்டையும் முழங்காலால்தான் ஏற வேண்டும்; முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பக்கத்தில் வேறு படிக்கட்டு உண்டு. திருத்தந்தை உரோமையில் இருக்கும் காலங்களில் பெரும்பாலும் புதன்தோறும் பொதுச் சந்திப்பு நடைபெறும். அதற்கான சீட்டு இலவசம். பணம் கேட்பவரை நம்பாதீர்கள். நண்பகலில் பல ஆலயங்கள் பூட்டப்பட்டு மூன்று, நான்கு மணிக்குமேல்தான் திறக்கும். நம் சுதந்திர நாளான ஆகஸ்டு 15, மாதாவின் விண்ணேற்பு விழா, அவர்களுக்கும் பெரிய விடுமுறை. அதையொட்டிய நாட்களில் பல கடைகள் மூடியிருக்கும்.

உணவு. 'காப்பி' என்று கேட்டால் சிறு கிண்ணத்தில் இரண்டு மடக்குக் கடுங்காப்பிதான் வரும். பால் கலந்து வேண்டுமானால் 'கப்புச்சினோ' எனக் கேளுங்கள். அதை அவர்கள் காலையில்தான் அருந்துவார்கள். 'லாத்தே' என்றால் வெறும் பால். காப்பிக் கடையில் நின்று குடிப்பதற்கு ஒரு விலை, மேசையில் அமர்ந்தால் பல இடங்களில் கூடுதல் விலை. உணவகப் பட்டியலில் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு ஒரு சிறு தொகை சேர்ந்திருந்தால் ஏமாற்று என எண்ண வேண்டாம்; அது மேசைக்கும் ரொட்டிக்கும் உரிய கட்டணம். இறைச்சி தவிர்ப்போர் 'சென்சா கார்னே' என்று சொல்லலாம். தண்ணீர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். உரோமைத் தெருக்களில் ஓயாமல் ஓடும் குழாய்கள் 2,000க்கு மேல் உண்டு. அந்நீர் குடிக்கத் தக்கது.

தெருவில். பேருந்தில் ஏறியதும் தாள் பயணச்சீட்டை அங்குள்ள இயந்திரத்தில் செருகி முத்திரையிட வேண்டும். தவறினால், சீட்டு கையிலிருந்தும் அபராதம் கட்ட நேரும். நெரிசலில் பணப்பை பத்திரம். கருங்கல் பாவிய தெருக்களில் நடக்க உறுதியான காலணி தேவை. அவசர உதவிக்கு 112.

இயலுமானால் ஒர்த்தோனா என்னும் கடற்கரை ஊருக்கும் சென்று வாருங்கள். நம் மயிலையில் மறைசாட்சியாக உயிர் நீத்த புனித தோமையாரின் திருப்பண்டங்கள், 1258இல் கியோஸ் தீவிலிருந்து கொண்டுவரப்பட்டு, அவ்வூர்ப் பேராலயத்தில் வணங்கப்பட்டு வருகின்றன. பரங்கிமலையை அறிந்த நமக்கு அங்கே நிற்கும்போது அது அந்நிய ஊராகத் தோன்றாது.

இவ்வளவும் கேட்டபின் அந்த அம்மையார் சற்று நேரம் அமைதியாக இருந்தார். பிறகு மெதுவாக, "சாமி, நம்ம கடைக்கு ஒடிசாப் பையன் ஒருவன் நாள்தோறும் வருவான். விரலைக் காட்டித்தான் பொருள் கேட்பான். தமிழில் ஏதாவது சொல்ல முயல்வான்; நாங்கள் சிரிப்போம். அவன் ஏன் தலையைக் குனிந்துகொண்டு போகிறான் என்று இப்போதுதான் தெரிகிறது" என்றார்.

அவருக்கு நான் கூறியது எல்லாவற்றையும்விட, அவர் எனக்குக் கூறிய இது பெரிது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஆலைகளில் உழைப்போர் நம் தெருக்களில் நிறைந்திருக்கின்றனர். பத்து நாள் விருந்தினராய்ச் செல்லும் நமக்கே இத்தனை அச்சம் என்றால், ஆண்டுக்கணக்கில் அந்நியராய் வாழும் அவர்களுக்கு எப்படி இருக்கும்? எம்மாவு வழியில் உடன்நடந்த அந்நியரை வீட்டுக்குள் அழைத்து உணவுக்கு அமர்த்திய பிறகுதானே சீடர்கள் ஆண்டவரைக் கண்டுகொண்டனர்!

உயிர்ப்பு விழாவுக்குப் பின் இருவரும் சேர்ந்தே சென்று நலமாகத் திரும்பினர். அண்மையில் அவ்வழியே சென்றபோது கடையில் அந்த இளைஞன் நின்றுகொண்டிருந்தான். அம்மையார் அவனைப் பெயர் சொல்லி அழைத்து, 'பால்' என்பதை எப்படிச் சொல்வது என்று கற்பித்துக்கொண்டிருந்தார். அவன் இரண்டு முறை தவறாகச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

நீங்களும் பயணத்துக்கு ஆயத்தமாகும்போது, முதற் பயிற்சியை உங்கள் தெருமுனையிலேயே தொடங்குங்கள். இறையாசீர் உங்களோடு இருப்பதாக.

உங்கள் பங்குத்தந்தை