ஃபஹீட்டா வீட்டிலேயே ஆகட்டும்

உணவகத்தில் சூடான இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் ஃபஹீட்டாவைக் கண்டு, இது பெரிய சமையற்காரர்களின் வித்தை, நம் வீட்டு அடுப்புக்கு வசப்படாது என்று ஒதுங்கிவிடுவோர் நம்மில் பலர். அதன் பூர்வ சரித்திரத்தை அறிந்தால் அந்த மயக்கம் நீங்கும். டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடியில், ரியோ கிராண்டே நதியை ஒட்டிய பண்ணைகளில் மாடு மேய்த்த மெக்சிகத் தொழிலாளிகளுக்கு, விலைபோகாதென்று கழிக்கப்பட்ட தலையும் குடலும் விலாவின் உட்புறத்து நார்த்தசையும் கூலியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டன. அந்தத் தசையைக் கனலில் வாட்டி ரொட்டியில் சுருட்டி உண்ட ஏழைகளின் உணவே, 1973இல் ஹூஸ்டனில் நின்ஃபா லாரென்சோ என்ற பெண்மணி திறந்த சிறிய உணவகம் போன்றவற்றின் மூலமாகப் பிற்காலத்தில் கீர்த்தி பெற்றது.

சிங்கப்பூரில் வாழும் நமக்கு இது புதிய கதையன்று. பலரும் வேண்டாமென்று தள்ளிய மீன்தலையைக் கொண்டு, கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்பவர் 1949 வாக்கில் சமைத்த குழம்புதான், இன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் வெளிநாட்டு விருந்தினர்கள் தேடிவந்து உண்ணும் விசேஷப் பதார்த்தமாக நிற்கிறது. கழிவென்று தள்ளியதைப் பக்குவத்தால் உயர்த்திய இவ்விரு கைகளும் ஒரே ஜாதிக் கைகள் என்பது என் அபிப்பிராயம்.

மாட்டிறைச்சி உண்போர் அந்த நார்த்தசையையே கேட்டு வாங்கலாம். உண்ணாதோர் தேக்கா சந்தையில் இளம் செம்மறியின் தொடைக்கறியை வாங்கினால் யாதொரு குறையுமில்லை. முற்றிய ஆட்டுக்கறி மட்டும் கூடாது. அது குழம்பில் நெடுநேரம் வேக வேண்டியது. எலுமிச்சைச் சாறு, பூண்டு, சீரகப்பொடி, மிளகாய்த்தூள், உப்பு ஆகியவற்றில் ஒரு மணி நேரம் ஊறினால் போதும்; இத்தனையும் வீட்டிலிருக்க, கலவைப் பொடிப் பொட்டலத்துக்குக் காசு கொடுப்பது வீண். தோசைக்கல் புகையும்வரை காய்ந்த பிறகே கறியை இடவேண்டும், அதுவும் சிறிது சிறிதாக. ஒரேயடியாகக் கொட்டினால் கல்லின் சூடு தணிந்து, நீர் விட்டு, வறுபடவேண்டிய கறி அவிந்துபோகும். இறக்கியபின் சற்று ஆறவிட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லியதாக அரிய வேண்டும். நெடுக அரிந்தால் எத்தனை நல்ல கறியும் மெல்லமாட்டாமல் இழுபடும். இதன் ரகசியமெல்லாம் இந்தக் கத்திவீச்சில்தான் இருக்கிறது.

இதனுடன் பரிமாறும் சாதமோ நம் தக்காளிச் சாதத்துக்கு நெருங்கிய உறவு: அரிசியை எண்ணெயில் வறுத்துத் தக்காளி விழுதோடு வேகவைப்பது. குவாக்கமோலிக்குக் காம்படியில் சற்றே அமுங்கும் அவகாடோவை மசித்து, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு சேர்த்தால் முடிந்தது. காற்றுப் பட்டால் கறுக்குமாதலால் கடைசியில் செய்வதே உத்தமம். சுருட்டும் கோதுமை ரொட்டிக்குப் பதிலாக நம் சப்பாத்தி உண்டு.

பல இனத்தவர் ஒரே மாடியில் வசிக்கும் நம் அடுக்குமாடி வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான விருந்து எனக்குத் தோன்றவில்லை. யாவும் தனித்தனிக் கிண்ணங்களில் மேசைமேல் இருக்க, அவரவர் தமக்கு வேண்டியதை எடுத்துச் சுருட்டிக்கொள்ளலாம். மலாய் அண்டைவீட்டார் வருவதானால் கறி ஹலால் கடையில் வாங்கியதாயிருக்கட்டும். சைவர்களுக்கான குடைமிளகாயையும் காளானையும் தனிக் கல்லில், கறி அடுப்பேறுவதற்கு முன்பே வதக்கி எடுத்துவைத்துவிடுங்கள்.