கடல் தாண்டினால் உரிமை கரைந்திடுமோ?



ஏற்காட்டு மலையின் உச்சியிலே, 5,000 அடிக்கும் மேலே, குகைக்குள் கோயில் கொண்டிருக்கிறார் சேர்வராயன். மே திங்கள் திருவிழாவிலே, மலையாளி என்று பெயர் பெற்ற மலைவாழ் மக்கள் ஊர் ஊராகத் திரள்வர். மேடேற வேண்டும், குகைவாயிலில் குனிய வேண்டும், பிறகுதான் தரிசனம். பக்திக்கு அது முறையாக இருக்கட்டும். தேடி வந்தால்தான் உண்டு என்று குடியாட்சியும் சொல்லலாமா?

அந்த மலையூர் ஒன்றிலே ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பாட்டிக்கு வயது 85 கடந்துவிட்டது. 12டி படிவம் கொடுத்தால் போதும், அலுவலர்களே வாக்குச்சீட்டுடன் வாசலுக்கு வருகின்றனர். 2024 நாடாளுமன்றத் தேர்தலிலே நாடெங்கும் வந்தனர். நல்ல ஏற்பாடு!

மூத்த பேரன் படைவீரன். பனிமலை எல்லையிலே காவல் நிற்கிறான். அவனுக்கு வாக்குச்சீட்டு மின்வழியே பறந்து செல்கிறது. அச்சிட்டு, குறியிட்டு, உறையிலிட்டு அஞ்சலில் சேர்க்கிறான். எண்ணிக்கை நாளன்று காலை 8 மணிக்குள், ஏற்காட்டை உள்ளடக்கிய கள்ளக்குறிச்சித் தொகுதியின் தேர்தல் அதிகாரியிடம் வந்து சேர்ந்தால், அது செல்லுபடியாகும் வாக்கு. இம்முறையை முதலில் நடத்திப் பார்த்தது எங்கே தெரியுமோ? நம் பக்கத்துப் புதுவையிலே, 2016ஆம் ஆண்டு நெல்லித்தோப்பு இடைத்தேர்தலிலே! 2019 பொதுத் தேர்தலிலே சுமார் 18 லட்சம் பேருக்குச் சீட்டு சென்றது, சுமார் 10.8 லட்சம் சீட்டுகள் திரும்பி வந்தன.

இளைய பேரன்? அவன் துபாயிலே கல் சுமக்கிறான். மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்றனர் அந்நாள் வைதிகர். வாக்குப் போய்விடும் என்கிறது இந்நாள் சட்டம்! போகவில்லையே, 2010ஆம் ஆண்டுத் திருத்தம் பட்டியலிலே பெயர் சேர்த்துக்கொள்ள வழி தந்ததே என்பார்கள். தந்தது, மறுக்கவில்லை. ஆனால் அசல் கடவுச்சீட்டைக் கையிலேந்தி, சொந்த ஊர்ச் சாவடிக்கு நேரிலே வரவேண்டும். பந்தி விரித்து, இலை போட்டு, உண்ண வருவோன் விமானத்திலே வரட்டும் என்பதற்குப் பெயர் விருந்தா?

2024இலே பட்டியலில் இருந்த வெளிநாடுவாழ் வாக்காளர் சுமார் 1.19 லட்சம். வந்து வாக்களித்தவர் 3,000 பேர்கூட இல்லை. அவர்களிலும் பெரும்பாலோர் கேரளத்தவர். அக்கறையில்லை என்று ஏசுவது எளிது. ஏசுவோர் பயணச்சீட்டின் விலையைக் கேட்டுவிட்டு ஏசட்டும்!

இதிலே கொடிய வேடிக்கை ஒன்றுண்டு. நமது தூதரகத்தில் பணிபுரியும் அரசு அலுவலருக்கு அஞ்சல் வாக்கு உண்டு, உடன் வாழும் துணைவருக்கும் உண்டு. அதே தூதரகத்துக்குச் சுவர் எழுப்பும் தமிழனுக்கு இல்லை. இருவரும் இந்தியக் குடிமக்களே!

மறுப்போர் வாதத்திலும் பொருள் இல்லாமலில்லை. தொழிலாளியின் கடவுச்சீட்டையே பறித்து வைத்துக்கொள்ளும் முதலாளி, வாக்குச்சீட்டை விட்டுவைப்பானா? கொட்டடியிலே இரகசியம் ஏது? நியாயமான அச்சம். அதற்காக உரிமையையே மறுப்பானேன்? தூதரகத்திலே திரைமறைவு அமைத்து, அங்கே குறியிடச் செய்யலாமே! பிலிப்பைன்ஸ் நாடு 2003இலே சட்டம் இயற்றி, 2004 தேர்தலிலேயே வெளிநாட்டில் உழைக்கும் தன் மக்களை வாக்களிக்க வைத்ததே!

நமது ஆட்சியாளர் கண்ட மருந்து வேறு. இன்னொருவர் கையால் வாக்களிக்கும் பதிலாள் முறை! 2018 ஆகஸ்டிலே மக்களவையில் நிறைவேறிய அம்மசோதா, 2019இலே அவை கலைந்ததும் காலாவதியாயிற்று. போனது நன்றே. அடுத்தவன் விரலிலே என் வாக்கு இருந்தால், அது அவன் வாக்கு.

2020 நவம்பரிலே தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது: படைவீரர் முறையை வெளிநாடுவாழ் குடிமக்களுக்கும் விரிக்கலாம், 2021இலே தமிழகம் உள்ளிட்ட மாநிலத் தேர்தல்களிலேயே செய்ய ஆயத்தம் என்று. 2021 தேர்தல் வந்தது. அஞ்சல் வாக்கு வரவில்லை.

பட்டியலிலே பெயரில்லாதவன் அஞ்சல் வாக்குக் கேட்டு வாதாட முடியாது, தோழர்களே. வெளிநாட்டிலே உழைக்கும் குடிமக்களோ ஒரு கோடிக்கும் மேல். பட்டியலிலே ஏறியவர் எத்தனை பேர் என்பதை மேலே கண்டோம். ஆகவே உங்கள் கிளைக்குட்பட்ட தெருக்களிலே வீடு வீடாகச் செல்லுங்கள். யார் வீட்டுப் பிள்ளை எந்த நாட்டிலே இருக்கிறான் என்று கேட்டு எழுதுங்கள். படிவம் 6ஏ, கடவுச்சீட்டிலுள்ள ஊர் முகவரிக்குரிய தொகுதியிலே பெயர் ஏறும்.