எங்கட கடிதத்தை எந்த எழுத்துருவில தருவீங்க?

வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் வந்தால் இப்ப எல்லா அலுவலக மேசையிலும் ஒரு கணினி இருக்கு. பிறப்புப் பதிவு, காணிக் கடிதம், உதவிக் கொடுப்பனவுப் பட்டியல் எல்லாம் அதுக்குள்ளதான். அந்தக் கணினிக்குள்ள என்ன மென்பொருள் இருக்க வேண்டும் என்று யார் தீர்மானிக்கிறது? ஐ.ரி. படிக்கிற ஆக்கள் மட்டும் பேசவேண்டிய கேள்வி இது என்று நாங்கள் நினைக்கவில்லை. கலைப்பீடத்தில் மொழியுரிமை பற்றிப் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதுகிற நாங்கள், அந்த உரிமை ஒரு விசைப்பலகையில் வந்து முட்டி நிற்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதினதில்லை.

போன வருடம் ஒரு அலுவலகத்திலிருந்து எங்களில் ஒருவரின் வீட்டுக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு கொத்து. ஒரு சொல்லும் விளங்கவில்லை. கடிதம் நல்ல தமிழில்தான் எழுதியிருந்தார்கள், ஆனால் பாமினியில். பாமினி எழுத்துருவில் கணினி சேமித்து வைப்பது தமிழை இல்லை, ஆங்கில எழுத்துக்களை. அந்த எழுத்துக்களின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறது அரைப்புள்ளிக்கான இடத்தில். எழுத்துரு இருக்கிற கணினியில் கடிதம், இல்லாத போனில் குப்பை. எங்கட ஊரில் எத்தனை வீட்டில் கணினி இருக்கு? போன்தான் இருக்கு.

வாசிக்கிறதோடு பிரச்சினை முடியவில்லை. பாமினியில் அடித்த பெயரை யுனிகோட் பட்டியலில் தேடினால் கிடைக்காது. இணையப் படிவத்தில் ஒட்டினால் ஏறாது. பார்வைக்குறைபாடுள்ள ஒருவர் திரைவாசிப்பானைப் போட்டுக் கேட்டால் அது ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாக வாசித்துத் தள்ளும். சரியான தீர்வு எப்பவோ வந்துவிட்டது. தமிழுக்கான எஸ்.எல்.எஸ். 1326 என்ற நியமம் இலங்கையில் 2008 இலேயே வெளிவந்தது, யுனிகோட் அடிப்படையில். தமிழ்நாடு அரசு 2010 இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி யுனிகோடை அரச நியமமாக்கியது. விண்டோஸ் 2000 காலத்திலேயே லதா என்ற யுனிகோட் தமிழ் எழுத்துரு விண்டோசோடேயே வந்தது. ஆனாலும் பாமினி போகவில்லை.

ஏன் போகவில்லை? அது ஏறுகிற வழியைப் பாருங்க. புதுக் கணினி வந்தால் கணினி தெரிஞ்ச ஒரு தம்பியைக் கூப்பிடுவாங்க. அவர் பென்ட்ரைவோட வருவார். அதில் திருட்டு ஒபிஸ், பாமினி, ஒரு வீடியோ பிளேயர், சிலவேளை ஒரு வைரசும். எல்லாவற்றையும் போட்டு, தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போயிருவார். அடுத்த அறைக் கணினிக்கு வேறொரு தம்பி, வேறொரு பென்ட்ரைவ். இரண்டு அறைக்கு நடுவிலேயே கோப்பு சரியாகத் திறக்காது.

இதற்கு மாற்றும் பழசுதான். மைக்ரோசொப்ட் விண்டோஸ் 2000 இல் கொண்டுவந்த குரூப் பொலிசி. அலுவலகக் கணினிகளையெல்லாம் ஒரே டொமைனில் சேர்த்துவிட்டு, நிறுவவேண்டிய மென்பொருளின் எம்.எஸ்.ஐ. கோப்பை எல்லாக் கணினிக்கும் எட்டுகிற ஒரு பகிர்வுக் கோப்புறையில் வைக்கிறார்கள். பிறகு ‘இந்தப் பிரிவுக் கணினிகளுக்கு இது’ என்று ஒரு இடத்தில் விதி எழுதுகிறார்கள். காலையில் கணினியைப் போடும்போது, லொகின் திரை வருவதற்கு முன்னமே மென்பொருள் தானாக ஏறிவிடும். யாரும் பென்ட்ரைவோட வரத் தேவையில்லை. பத்துக் கணினிக்கும் பத்தாயிரம் கணினிக்கும் அதே ஒரு விதிதான்.

ஆனால் இந்த விதிக்குள்ளேயே ஒரு படுவான்கரை இருக்கு. இணைப்பின் வேகம் விநாடிக்கு 500 கிலோபிட்டுக்குக் கீழே போனால் விண்டோஸ் அதை மெதுவான இணைப்பு என்று எடுத்துக்கொண்டு, மென்பொருள் நிறுவலைப் பேசாமல் தாண்டிவிடும். யாரும் மாற்றாவிட்டால் அதுதான் வழக்கம். மலிவென்று வாங்கிய கணினியில் விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்தால் அதை டொமைனில் சேர்க்கவே ஏலாது. நகரத்து அலுவலகத்தில் எல்லாம் பச்சையாகக் காட்டுகிற அதே நாளில், வாவிக்கு இந்தப் பக்கம் பழைய பாமினி அப்படியே கிடக்கும். மையத்தில் இருக்கிறவர் அறிக்கையைத் திறந்து பார்த்தால்தான் தெரியவரும். பார்ப்பாரா?

எல்லாவற்றையும் ஒரு கையில் கொடுத்தால் அந்தக் கை தவறும்போது என்ன செய்வது என்று கேட்பீங்க. நியாயமான பயம். 2024 ஜூலை 19 இல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தள்ளிவிட்ட ஒரு பிழையான அப்டேட், உலகம் முழுக்க ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. விமானங்கள் கூட நின்றன. அதனால்தான் முதலில் ஒரு சில கணினிகளில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவைக்கு விட வேண்டும். ஆனால் மையம் ஒன்றும் செய்யாமல் இருப்பதும் பாதுகாப்பு இல்லை. 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரச மேகக் கணினியில் நடந்த கப்பத் தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அந்த ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. புதுப்பிக்கக் காசில்லாமல் தள்ளிப்போட்டார்களாம்.

ஆகவே மைய விதி வேண்டும் என்பதுதான் எங்கட பக்கம். விதியை யாரோடு இருந்து எழுதுகிறீங்க என்பதில்தான் எங்களுக்குச் சண்டை. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவை ஆளுக்கொரு பக்கமாகத் திறக்க முடியாது. தண்ணி ஒரு இடத்திலிருந்துதான் வரும். ஆனால் எப்ப திறக்கிறது, எந்த வட்டைக்கு எத்தனை நாள் என்பதைப் போகம் தொடங்கமுன் ஆரம்பக் கூட்டம் வைத்து, விவசாயிகளும் வட்டவிதானைமாரும் அலுவலர்களும் இருந்து பேசி முடிக்கிறார்கள். கணினிக்கு அப்படியொரு கூட்டம் நடந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

அப்படி நடந்தால் முதலில் பேசவேண்டியவர் தட்டச்சு செய்கிற அக்கா. இருபது வருடமாக அவரின் விரலுக்குப் பாமினிதான் தெரியும். ஒரு காலையில் கணினியைப் போட, பாமினி காணாமல் போய்த் தெரியாத விசைப்பலகை ஒன்று நின்றால் அவர் வேலை எப்படிச் செய்யிறது? அவரில் ஒரு பிழையும் இல்லை. அவர் பழக்கத்தை மாற்றவும் தேவையில்லை. இ-கலப்பையிலும் என்.எச்.எம். ரைட்டரிலும் பாமினி விசை அமைப்பு இருக்கு. விரல் பழைய இடத்திலேயே தட்டும், உள்ளே போவது யுனிகோட். விதி எழுதுகிறவர் அறைக்குள் அந்த அக்கா இருந்திருந்தால் இதை ஐந்து நிமிசத்தில் சொல்லியிருப்பார்.

1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அடுத்த வருடத்து 16 ஆவது திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழே நிர்வாக மொழி என்றது. போனில் திறக்காத கடிதத்தைத் தமிழில் தந்த கடிதம் என்று கணக்கில் எழுத நாங்கள் தயாரில்லை. யுனிகோட் விசைப்பலகையை எல்லா அரச கணினிக்கும் விதியாகப் போடுங்க. மெதுவான இணைப்பென்று தாண்டிப்போன கணினிகளின் பட்டியலை எடுத்து, அங்கே மட்டுமாவது ஆள் அனுப்புங்க. பழைய பாமினிக் கோப்புகளை மாற்ற இலவச மாற்றிகள் இருக்கு. மாற்றிய பிறகு பெயர்களை ஒருதரம் கண்ணால் சரிபார்க்கத்தான் ஆள் வேணும். ஆள் காணாது என்றால் விடுமுறையில் நாங்கள் வருவோம், தேத்தண்ணி மட்டும் தாங்க.