மக்கள் கழகங்களும் மன்னர் கிண்ணங்களும்

உதைபந்தாட்டத்தைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகை எழுத வேண்டுமா என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களிற் சிலர் முற்போக்காளர். பந்தாட்டம் மக்களின் சிந்தையைத் திசைதிருப்பும் மயக்க மருந்து. அதனை ஆளும் வர்க்கத்தாரே விரும்பி ஊட்டுகின்றனர். ஆதலால் அதனைப் பொருட்படுத்தாது விடுவதே அறிவுடைமை என்பது அவர்கள் வாதம். மறுபுறத்தில் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்கள் வேறொரு பாட்டைப் பாடுகின்றன. எண்ணெய்ப் பணம் பெருகியது. உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர் றியாத்துக்கும் ஜித்தாவுக்கும் வந்திறங்கினர். அரபு உலகின் உதைபந்தாட்டம் இப்போதுதான் பிறந்தது என்பது அப்பாட்டின் பல்லவி.

இவ்விரு கூற்றுகளும் ஒன்றுக்கொன்று பகையானவை போலத் தோன்றினும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. பார்வையாளர் வரிசையில் நிற்கும் மனிதனை இரண்டுமே காண மறுக்கின்றன. முன்னையது அவனை மயங்கிக் கிடப்பவன் என்கிறது. பின்னையது அவனை நுழைவுச்சீட்டு வாங்குபவன் என்று மட்டும் எண்ணுகிறது. அரபு நாடுகளின் கழகங்களுக்கு உயிரூட்டியவனும், அவற்றின் பொருட்டு உயிர் கொடுத்தவனும் அவனே என்பதும், அவனிடமிருந்தே அவை பறிக்கப்பட்டு வருகின்றன என்பதும் நமது கட்சி. அதனை நிறுவவே இதனை எழுதுகிறோம்.

கெய்ரோ நகரின் அல் அஹ்லி கழகம் 1907 இல் தோன்றியது. எகிப்து அன்று பிரித்தானியர் ஆதிக்கத்திற் கிடந்தது. உயர்தரக் கல்லூரி மாணவர்க்கென முன்னரே ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவரான உமர் லுத்பியின் எண்ணத்திலேதான், மாணவர் கூடி விளையாடவும் பேசவும் இடந்தரும் கழகமொன்று உருப்பெற்றது. 'அஹ்லி' என்பதற்குத் தேசியம் என்பது பொருள். இக்கழகத்தின் முதல் தலைவர் மிச்செல் இன்ஸ் என்னும் ஆங்கிலேயரே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. குடியேற்ற நாட்டில் எந்த நிறுவனமும் மாசின்றிப் பிறப்பதில்லை. தேசியம் என்று பெயர் வைத்தவர்கள் காலப்போக்கில் அப்பெயருக்குரிய பொருளையும் அதற்கு ஊட்டினார்கள் என்பதே முக்கியம்.

கெய்ரோ தனித்த உதாரணமன்று. துனிஸ் நகரில் 1920 இல் அமைந்த கிளப் அப்ரிக்கான் என்னும் கழகம், பிரெஞ்சுக்காரர் ஒருவரே தலைவராதல் வேண்டும் என்ற ஆட்சியாளரின் நிபந்தனைக்குப் பணியாது துனீசியர் ஒருவரையே தலைவராக்கியது. அல்ஜியர்ஸ் நகரத்து முஸ்லிம் இளைஞர் 1921 இல் முலூதியா கழகத்தை நிறுவினர். நபிகள் நாயகத்தின் பிறந்தநாளைக் குறிக்கும் பெயரையே அதற்குச் சூட்டினர். மொரொக்கோவின் காசாபிளாங்காவிலோ நீச்சற்குளத்திலிருந்து ஒரு கழகம் பிறந்தது. ஐரோப்பியரின் குளங்களில் மொரொக்கோ மக்களுக்கு இடம் மறுக்கப்பட்டமையால் 1937 இல் விதாத் கழகம் தோன்றியது. உதைபந்தாட்டம் அதனுள் பின்னரே புகுந்தது. அதே நகரின் தொழிலாளர் வாழும் பகுதியில், தொழிற்சங்கத்தினரும் தேசியவாதிகளும் கூடி 1949 இல் ரஜா கழகத்தை அமைத்தனர். ஜோர்தானின் தலைநகரான அம்மானில், பலஸ்தீன அகதிகளின் முகாமொன்றிலிருந்து 1956 இல் எழுந்தது அல் வஹ்தாத். நாடிழந்தோருக்கு ஒரு கொடியைப் பிடிக்க இடம் வேண்டியிருந்தது. பந்தாட்டக் கழகம் அவ்விடத்தைக் கொடுத்தது.

இவற்றையெல்லாம் மயக்க மருந்து என்று ஒரு சொல்லால் தள்ளிவிடுவோர் 1958 ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். அவ்வாண்டு ஏப்ரில் மாதத்தில் பிரான்சின் முன்னணிக் கழகங்களில் ஆடிய அல்ஜீரிய ஆட்டக்காரர் சிலர் இரகசியமாக எல்லையைக் கடந்து துனிஸ் நகரை அடைந்தனர். சென் எத்தியன் கழகத்தின் ரஷீத் மெக்லூபியும் மொனாக்கோ கழகத்தின் முஸ்தபா ஸிதூனியும் அவர்களுள் அடங்குவர். அவ்வாண்டு உலகக் கிண்ணத்துக்குப் பிரான்ஸ் அணியில் ஆடும் வாய்ப்பு அவ்விருவருக்கும் காத்திருந்தது. பணமும் புகழும் காத்திருந்த வேளையில் அவற்றைத் துறந்து, அல்ஜீரிய விடுதலை முன்னணியின் அணியாக நாடு நாடாகச் சென்று ஆடினார்கள். 1962 இல் அல்ஜீரியா விடுதலை பெறுமுன்னரே அதன் கொடி மைதானங்களில் ஏறிவிட்டது. மயங்கிக் கிடந்தவர் செய்யும் காரியமா இது?

ஆயினும் கதை இத்துடன் இனிது முடியவில்லை. அந்நியர் போயினர், ஆட்சி உள்நாட்டார் கைக்கு வந்தது. புதிய ஆட்சியாளர் கழகத்தின் வலிமையை நன்கு அறிந்திருந்தனர். பல்லாயிரம் மக்கள் வாரந்தோறும் ஓரிடத்திற் கூடி ஒரே குரலிற் பாடுவதை எந்த அதிகாரிதான் அஞ்சாதிருப்பான்? அஞ்சியதைக் கையகப்படுத்துவது அதிகாரத்தின் இயல்பு. மன்னராட்சிக் காலத்திலேயே இதற்கு முன்மாதிரி இருந்தது. இன்று ஸமாலிக் என வழங்கும் கெய்ரோக் கழகம், 1952 இன் புரட்சி வரையில் பாரூக் மன்னனின் பெயரையே தாங்கி நின்றது. மன்னன் போனான், மைதானத்தின் மீது ஆட்சியாளர் கொண்ட ஆசை போகவில்லை.

ஈராக்கில் இது கொடுமையின் எல்லையைத் தொட்டது. சதாம் ஹுசைனின் மகன் உதய், 1983 இல் தோன்றிய அல் ரஷீத் கழகத்தைத் தன்னுடையதாக்கி, நாட்டின் சிறந்த ஆட்டக்காரரையெல்லாம் அதனுட் கொண்டுவந்து சேர்த்தான். அரபுக் கழகங்களுக்கிடையிலான கிண்ணத்தை 1985, 1986, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளும் அக்கழகமே வென்றது. தோற்ற ஆட்டக்காரர் சிறையிலடைக்கப்பட்டதையும் வதைக்கப்பட்டதையும் பின்னாளில் ஆட்டக்காரரே உலகறியச் சொன்னார்கள். 1990 இல் அக்கழகம் கலைக்கப்பட்டது. மக்களின் வேரில்லாது அதிகாரத்தின் விருப்பால் முளைத்த கழகம், அதிகாரத்தின் விருப்பாலேயே மறைந்தது. வெற்றிக் கிண்ணங்கள் மட்டுமே ஒரு கழகத்தின் மேன்மைக்குச் சான்றாகா என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ?

அந்தக் கிண்ணத்தின் பிற்கால வரலாறும் சிந்தனைக்குரியது. 2018-19 ஆம் ஆண்டுப் போட்டி ஐக்கிய அரபு அமீரகத்தின் ஸாயித்தின் பெயரில் நடந்தது. அடுத்த போட்டி மொரொக்கோவின் ஆறாம் முஹம்மத் மன்னரின் பெயரில் நடந்தது. 2023 இன் போட்டி சவூதி மன்னர் சல்மானின் பெயரில் நடந்தது. ஆட்டம் மக்களுடையது; பெயர் மன்னருடையது. ஆறாம் முஹம்மதின் கிண்ணத்தை 2021 இல் வென்றது காசாபிளாங்காவின் ரஜா கழகம். தம் நாட்டிலேயே தாம் வஞ்சிக்கப்பட்டதாக முறையிடும் பாட்டொன்றை அதே கழகத்தின் இரசிகர்கள் அதற்குமுன்பே அரங்கிற் பாடி, அரபு உலகெங்கும் பரப்பிவிட்டிருந்தனர். கிண்ணத்தில் மன்னரின் பெயர். வரிசைகளில் மக்களின் முறையீடு. எது உண்மையான உதைபந்தாட்டம் என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

பாட்டு மட்டும் எழுந்து அடங்கிவிடவில்லை. அல்ஜியர்ஸ் நகரத்து இரசிகர்கள் தம் அரங்கிற் பாடிய பாட்டு 2019 இல் வீதிக்கு வந்தது. பூத்தபிலீக்கா ஐந்தாம் முறையும் ஜனாதிபதியாக முயன்றதை எதிர்த்த பேரணிகளில் இலட்சக் கணக்கானோர் அதனைப் பாடினர். ஏப்ரில் 2 ஆம் நாள் அவர் பதவி துறந்தார். எகிப்தில் 2011 இன் தஹ்ரீர் சதுக்க எழுச்சியின்போது, காலங்காலமாகப் பகைத்து நின்ற அல் அஹ்லி, ஸமாலிக் இரசிகர் அணிகள் தோளோடு தோள் நின்று சதுக்கத்தைக் காத்தன. வாரந்தோறும் அரங்கில் பொலிசாரின் தடியடிக்கு முகங்கொடுத்த இளைஞர்க்கு, அச்சமின்றி நிற்பது எவ்வாறென்று முன்னரே தெரிந்திருந்தது.

அதற்குரிய விலையையும் அவர்களே கொடுத்தனர். 2012 பெப்ரவரி 1 ஆம் நாள் போர்ட் சயீட் நகரில் அல் மஸ்ரி கழகமும் அல் அஹ்லி கழகமும் மோதின. 'மஸ்ரி' என்பதற்கு எகிப்தியன் என்பது பொருள். 1920 இல் அந்நியர் நிறைந்த கால்வாய் நகரில் எகிப்தியர்க்கெனப் பிறந்த கழகம் அது. தேசியமும் எகிப்தியனும் ஆடிய அந்த ஆட்டத்தின் முடிவில் வன்முறை வெடித்தது. விளக்குகள் அணைந்தன. வெளியேறும் கதவு பூட்டிக் கிடந்தது. பொலிசார் பார்த்து நின்றனர். 70 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலார் அல் அஹ்லியின் இளம் இரசிகர்கள். மூன்றாண்டு கழித்து, 2015 பெப்ரவரியில், கெய்ரோவில் ஸமாலிக் இரசிகர் ஏறத்தாழ 20 பேர் அரங்கின் ஒடுங்கிய வாயிலில் கண்ணீர்ப் புகைக்கு நடுவே நெரிந்து மாண்டனர். ஆட்டம் பார்க்கச் சென்ற பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் நீதிமன்றம் இரசிகர் அணிகளைத் தடைசெய்தது. இறந்தோர் யாரோ அவர்களே குற்றவாளிகளாயினர்!

பார்வையாளரை வெளியே தள்ளிய பின்னர், கழகத்தை விலைக்கு வாங்குதல் எளிதாயிற்று. மேல் எகிப்தின் அசியூட் நகரைச் சேர்ந்த கழகமொன்றை 2018 இல் சவூதி விளையாட்டு அதிகாரசபையின் தலைவரான துர்க்கி அல் ஷெய்க் வாங்கினார். பெயர் பிரமிட்ஸ் என மாறியது. கழகம் கெய்ரோவுக்குப் பெயர்க்கப்பட்டது. அசியூட் மக்களைக் கேட்டு இது நடைபெறவில்லை. பின்னர் அமீரகத்து முதலாளியின் கைக்கு மாறிய அக்கழகம் 2025 இல் ஆபிரிக்கக் கழகங்களின் வெற்றிக் கிண்ணத்தையும் வென்றது. சவூதியிலோ 2023 யூன் மாதத்தில் அல் ஹிலால், அல் நஸ்ர், அல் இத்திஹாத், ஜித்தாவின் அல் அஹ்லி என்னும் நான்கு பெருங் கழகங்களின் 75 சதவீத உரிமையை அரசின் முதலீட்டு நிதியம் எடுத்துக்கொண்டது. ஒரே போட்டியில் ஒன்றையொன்று எதிர்த்து ஆடும் நான்கு கழகங்களுக்கு அன்று ஒரே முதலாளி! இடக்கை வலக்கையோடு சூதாடுவதைப் போட்டி என்று நம்மை நம்பச் சொன்னார்கள்.

பணத்தால் நன்மையே விளையவில்லை என்று நாம் கூறவில்லை. ஆட்டத்தின் தரம் உயர்ந்திருக்கலாம். ஜித்தாவின் அல் அஹ்லி 2025 இல் ஆசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. பெண்கள் அரங்கினுள் நுழைய 2018 ஜனவரியில் சவூதி அரசு இடமளித்ததும் வரவேற்கத்தக்கதே. ஆனால் அரசு தந்த அனுமதியை அரசே எடுத்துக்கொள்ளவும் கூடும். மக்கள் வென்றெடுத்த உரிமைக்கும் அரண்மனை வழங்கிய சலுகைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். அரபு நாட்டுப் பணத்தை ஏளனஞ் செய்யும் ஐரோப்பியப் பத்திரிகைகளோடு நாம் கைகோத்துவிடக் கூடாது. அபுதாபியின் பணம் 2008 இல் மன்செஸ்டருக்கும், கட்டாரின் பணம் 2011 இல் பாரிசுக்கும் வந்தபோது அவ்வரங்குகள் ஆர்ப்பரித்தன. ஆபிரிக்காவின் பிள்ளைகளைப் பல்லாண்டு காலமாக வாங்கி வளம் பெற்ற கண்டம், இன்று தன் ஆட்டக்காரர் விலைபோவதைக் கண்டு ஒழுக்கம் போதிக்கிறது. அதன் மனச்சாட்சியின் அளவையும் நாம் கண்டோம். காசாவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் சுலைமான் அல் உபைத் 2025 ஆகஸ்டில், உணவுதவிக்குக் காத்து நின்ற இடத்திற் கொல்லப்பட்டார். ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனம் இரங்கற் செய்தி வெளியிட்டது. அவர் எவ்வாறு இறந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. எப்படி, எங்கே, ஏன் இறந்தார் என்று வெளிப்படையாகக் கேட்டவர் எகிப்தின் முஹம்மத் சலாஹ். நைல் நதிக் கழிமுகத்தின் சிற்றூரொன்றிலிருந்து வந்த ஆட்டக்காரனிடம் இருந்த நேர்மை, சம்மேளனத்திடம் இருக்கவில்லை.

அவ்வாறாயின் நாம் வேண்டுவது யாது? கழகம் அதன் உறுப்பினர்க்கு உரியதாதல் வேண்டும். இது கனவன்று. கெய்ரோவின் அல் அஹ்லியில் உறுப்பினரே வாக்களித்துத் தலைவரைத் தெரிகின்றனர்; பழைய ஆட்டக்காரர் மஹ்மூத் அல் கதீப் 2017 இல் அவ்வாறே தெரிவானார். ஆயின் உறுப்புரிமைக் கட்டணமோ ஏழைக்கு எட்டாதது. போர்ட் சயீட்டில் மாண்டவர்களை ஒத்த இளைஞர் பலர்க்கு அங்கே வாக்கில்லை. அவ்வாயில் திறக்கப்படுதல் வேண்டும். அரங்கைக் கட்டுகிறவனையும் நாம் மறக்கலாகாது. வளைகுடா நாடுகளில் சீமெந்து சுமப்போர் தெற்காசியர். அவர்களுள் நம் கிராமங்களின் பிள்ளைகளும் உளர். 2034 இன் உலகக் கிண்ணம் சவூதிக்கு என 2024 டிசெம்பரில் முடிவாயிற்று. புதிய அரங்குகளும் எழப்போகின்றன. அவற்றைக் கட்டும் கைகளுக்குத் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையில்லை. அவ்வுரிமைக்கான குரல் நம் நாட்டிலிருந்தும் எழுதல் வேண்டும்.

நண்பர்களே, நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவன், றியாத்துக்குச் சென்ற ஆட்டக்காரரின் பெயர்களையும் சம்பளத்தையும் மனப்பாடமாக ஒப்புவிப்பான். அவனைப் பழித்துப் பயனில்லை. அவனுக்கு அதுவே சொல்லப்பட்டிருக்கிறது. 1958 இல் எல்லை கடந்த மெக்லூபியையும், அகதி முகாமில் முளைத்த வஹ்தாத்தையும், போர்ட் சயீட்டின் பூட்டிய கதவையும் அவனுக்குச் சொல்வோம். அடுத்த முறை அவன் ஆட்டம் பார்க்கும்போது, பந்து போகும் திசையையும் பார்ப்பான்; வாயிலின் திறப்பு யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்ப்பான்.