தரிசு என்ற சொல்லும் அவலாஞ்சிப் புல்வெளியும்

நிலத்தின் கதியைப் பல சமயங்களில் கணக்கில் எழுதப்பட்ட ஒரு சொல்லே நிர்ணயித்துவிடுகிறது. நீலகிரி ஜில்லாவில் அவலாஞ்சியைச் சூழ்ந்த மேட்டுப் புல்வெளிகளுக்கு நேர்ந்தது இதற்குத் தக்க உதாரணமாகும்.

தோதவர் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்தும் கூரைப்புல் அறுத்தும் வந்த அவ்வெளிகளை, ஆங்கில அரசாங்கத்தார் மரமற்ற வீண் தரிசாகவே கருதினர். 19ஆம் நூற்றாண்டில் கற்பூர மரமும் சீகை மரமும் விறகுக்காகக் கொண்டுவரப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின், தோல் பதனிடும் பட்டைக்கும் செயற்கைப் பட்டு ஆலையின் மரக்கூழுக்குமாக நடவு மேலும் விரிந்தது. சீகையோ நட்ட இடத்தோடு நில்லாது புல்வெளியெங்கும் பரவிற்று.

புல்லின் வேரும் சோலைக்காட்டின் மக்கும் மழைநீரை ஏற்றுக் கோடையில் மெல்லக் கசியவிடுகின்றன. அந்நீரே அவலாஞ்சி, எமரால்டு அணைகளில் தேங்கி, குந்தா மின்நிலையங்களை இயக்கி, பவானி வழியே சமவெளி வயல்களை அடைகிறது. ஆதலால் புல்வெளியின் நஷ்டம் மலையோடு நிற்பதன்று.

1986இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகமும், 1990இல் முக்கூர்த்தி தேசியப் பூங்காவும் ஏற்பட்டன. அந்நியத் தாவரங்களை அகற்றித் தொல்நிலையை மீட்கும் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வகுத்தது. இவை வரவேற்கத்தக்கவையே. எனினும் முன்னைய பிழை மரத்தைத் தேர்ந்ததில் மட்டும் இல்லை. அங்கு வாழ்ந்தோரைக் கேளாமல் தேர்ந்ததிலும் இருந்தது. இன்று சீகையை வெட்டுவதிலும் அதே பிழை நேரலாகாது. சீகை விறகை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்கள் பல. மேலும், அதன் விதை பல்லாண்டு மண்ணில் கிடந்து, வெட்டியபின் கூட்டமாய் முளைக்கும். ஆண்டுதோறும் களையெடுக்க அக்கம்பக்கத்துக் கைகள் வேண்டும். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவான ஊர் இது; செங்குத்தான சரிவை ஒரேயடியாக மொட்டையாக்கினால் மண் நில்லாது.

காப்பகம், பூங்கா என்ற பெயர் கேட்டதும் உழவர் தம் பட்டா நிலத்துக்கு அஞ்சுவது இயல்பு. அவ்வச்சம் நீங்க வழி, திட்டம் எழுதுமுன் கேட்பதேயாகும். எந்தச் சரிவில் யார் மேய்க்கின்றனர், எங்கு விறகு எடுக்கின்றனர், எந்த ஊற்று எம்மாதம் வற்றுகிறது என்பவற்றைக் கிராம அதிகாரிகள் விசாரித்தெழுதிக் கிராம சபையில் படித்துக்காட்டுதல் நலம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் உரிமை விசாரணையைக் கிராம சபையிலிருந்தே தொடங்கச் சொல்கிறது. தரிசு என்று எழுதிய கை, இனி மேய்ச்சல் என்றும் நீர்ப்பிடிப்பு என்றும் எழுதப் பழக வேண்டும்.