வேலிக் காந்தளைத் தோண்டி விற்கலாமா?

தருமபுரி ஜில்லாவின் புதர் வேலிகளிலும் குன்றுச் சரிவுகளிலும் புரட்டாசி முதல் கார்த்திகை வரையில் நெருப்புக் கொழுந்துபோல் பூத்து நிற்கும் காந்தளை அறியாத குடியானவர் இரார். கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப் பூ என்பனவும் இதன் பெயர்களே. தாவர நூலார் முன்னர் வெங்காயத்தையும் இதனையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தனர். பின்னர் வேறு பிரித்தனர். தமிழ்நாட்டின் மாநில மலராகிய இக்கொடியைத் தோட்டங்களில் அழகுக்காக வளர்ப்போரும் உளர். ஆயினும் வியாபாரிகள் இதனை நாடுவது அழகு கருதியன்று. இதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கால்ச்சிசின் என்னும் சத்து, கீல்வாத மருந்துக்கும், புதிய பயிர் இனங்களை உண்டாக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுகிறது.

மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் விதைக்காகவே இதனைப் பயிரிடுகின்றனர். அச்சாகுபடியில் பெருஞ்செலவு நடவுக் கிழங்கே. இரண்டடிக்கு ஒன்றரையடி வீதம் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 14,500 கிழங்குகள் வேண்டும்; ஒன்று 50 கிராம் என்றாலும் 700 கிலோவுக்கு மேலாகிறது. இவ்வளவையும் விலைக்கு வாங்க மனமில்லாதவர்கள் வேலியிலும் காட்டிலும் கை வைக்கின்றனர்.

இது கண்டிக்கத்தக்கது. கோடையில் கொடி காய்ந்து மறைந்துவிடுமாதலால், கிழங்கு இருக்குமிடம் புலப்படுவது கொடி பூத்து நிற்கும்போதுதான். அப்போது தோண்டினால் விதை முற்றுமுன் கொடி அழிகிறது. அடுத்த ஆண்டுக்கென்று மண்ணுக்குள் உருவாகும் புதுக்கிழங்கும் போகிறது. தாயும் பிள்ளையும் ஒருங்கே போனபின் அவ்விடத்தில் முளைப்பதற்கு யாது உளது? போதாக்குறைக்கு, இக்கிழங்கின் முளை அதன் நுனியில் இருப்பது. அவசரத் தோண்டலில் நுனி ஒடிந்தால் அக்கிழங்கு நடவுக்கும் உதவாது. ஒதுக்குக் காட்டில் தோண்டுவது சட்டப்படியும் குற்றமாகும். புறம்போக்கு வேலிகளைக் கிராம அதிகாரிகள் இம்மாதங்களில் ஒருமுறையேனும் சுற்றிப் பார்ப்பது நலம்.

பயிரிட விரும்புவோர் தம் வேலிக்கொடியில் முற்றிய விதையை எடுத்து, நாற்றங்காலில் விதைத்துத் தாமே கிழங்கு சேர்க்கலாம். விதையிலிருந்து வந்த செடி பூப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். மாமரம் வைத்துக் காத்திருப்பவர்களுக்கு இது பெரிய காலமன்று. நீர் தேங்கும் நிலத்தில் கிழங்கு அழுகிவிடும். வடிகாலுள்ள செம்மண்ணே ஏற்றது. சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால், காய் நன்கு பிடிக்கக் காலை வேளையில் கையால் மகரந்தம் தொட்டு வைக்கவேண்டும். ஆள் கூலியையும் கணக்கிற் கொள்க. இதனை வாங்குவோர் சிலரே. பயிர் மிகுந்த ஆண்டில் விலை சரிந்துவிடும். ஆகவே வாங்குவோரை முன்னரே நிச்சயித்துக்கொள்ளாமல் அரை ஏக்கருங்கூட நடுவது உசிதமன்று.

கொடி முழுவதும் விஷம். கிழங்கு கொடிய விஷம். வள்ளிக்கிழங்கென்று மயங்கி உண்டு மாண்டவர்கள் உண்டு. சேர்த்த கிழங்கைச் சமையற்கட்டுப் பக்கம் வைத்தலாகாது. பிள்ளைகள் எவரேனும் தின்றுவிட்டால், வாந்தி வயிற்றுப்போக்கு காணும்வரை காத்திராமல், கைவைத்தியத்தில் பொழுது போக்காமல், உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும். தின்ற கிழங்கின் மிச்சத்தையும் கூடவே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டவேண்டும்.